கப்பல் பந்தி: காவிரிப் படுகையும் கடற்பயண உணவு மரபுகளும்

பயணிகள் கப்பலில் யார் எந்த இடத்தில், யாருடன், எந்த உடையில், எந்த நேரத்தில் சாப்பிட வேண்டும் என்பதற்கு ஒரு காலத்தில் கண்டிப்பான விதிகள் இருந்தன. இன்றைய உல்லாசக் கப்பல்களில் அவை பெரும்பாலும் தளர்ந்துவிட்டன. இதற்கு இணையான விதிகள் தஞ்சை வட்டாரத்தில் 'பந்தி' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய காவிரிப் படுகை மக்கள் இந்த இரண்டு மரபுகளுக்கும் நடுவில் அகப்பட்டார்கள். அவர்களில் சிலருக்குச் சாப்பாடு என்பது பசி சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டும் இருக்கவில்லை. ஊர் திரும்பினால் உறவில் இடம் உண்டா இல்லையா என்பதையே அது தீர்மானித்தது.

பந்தியின் ஒழுங்கு

தஞ்சைப் பகுதிக் கல்யாணப் பந்தியில் தரையில் பாய் அல்லது ஜமக்காளம் விரித்து, வரிசையாக வாழை இலை போடுவார்கள். இலையின் நுனி உண்பவரின் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். உப்பு, ஊறுகாய், பச்சடி, கறி, கூட்டு என்று இலையின் மேல்பாதி நிறையும். சாதம் விழுந்து, பருப்பும் நெய்யும் விழுந்த பிறகே கை வைப்பது வழக்கம். பிறகு குழம்பு, ரசம், பாயசம், கடைசியில் மோர். வீட்டுக்கு வீடு, சமூகத்துக்குச் சமூகம் இந்த வரிசை சற்று மாறும். ஆனால் தான் முடித்துவிட்டோம் என்பதற்காகப் பந்தியின் நடுவிலிருந்து எழக்கூடாது என்பது பொதுவான மரியாதை. பந்தி முழுவதும் சேர்ந்து உட்காரும், சேர்ந்து எழும்.

இது விருந்தோம்பலின் ஒரு பக்கம். மறுபக்கம், யார் பந்தியில் உட்காரலாம் என்ற கேள்வி. ஆசாரமான வீடுகளில் பந்தி சாதிக்குள் மட்டுமே நடந்தது. யார் சமைத்தார், யார் பார்த்தார், யார் தொட்டார் என்பதெல்லாம் கணக்கில் வந்தன. மிராசுதார் நிலத்தில் உழைத்த பண்ணையாளுக்கு அதே நெல்லின் சோறு கொல்லைப்புறத்தில்தான் கிடைத்தது, அதுவும் அவர் கொண்டுவந்த பாத்திரத்தில்.

'பத்து' என்ற கருத்தையும் இங்கே சொல்ல வேண்டும். தண்ணீரில் வெந்த சோறு பத்து. அதைத் தொட்ட கையோடு மற்றவற்றைத் தொடக்கூடாது. எண்ணெயிலோ நெய்யிலோ பொரித்த பண்டத்துக்கு அவ்வளவு கெடுபிடி இல்லை. ஆசாரமானவர்கள் வெளியூர் போகும்போது முறுக்கு, சீடை, அவல், பழம் என்று மூட்டை கட்டியதற்கு, கெட்டுப்போகாது என்பதோடு இதுவும் ஒரு காரணம். ஒருநாள் ரயில் பயணத்துக்கு இந்த மூட்டை போதும். நாலு வாரக் கப்பல் பயணத்துக்கு எப்படிப் போதும்?

சலூனின் ஒழுங்கு

சலூன் என்றால் இன்று நமக்கு முடிவெட்டும் கடை. பழைய கப்பல்களில் அது முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளின் கூடம். பெரும்பாலும் சாப்பாட்டுக் கூடம். நீண்ட மேசைகள், தரையோடு திருகப்பட்ட சுழல் நாற்காலிகள், கப்பல் ஆடும்போது தட்டு வழுக்கி விழாமலிருக்க மேசை விளிம்பில் பொருத்தும் மரச்சட்டம் ஆகியவை அதன் அடையாளங்கள். இரவு உணவுக்கு முன் உடை மாற்றிக்கொள்ள மணியோ ஊதுகொம்போ ஒலிக்கும். யார் எந்த மேசையில் உட்கார வேண்டும் என்பதைக் கப்பல் அலுவலர்கள் முன்கூட்டியே வகுத்துவிடுவார்கள். கேப்டனின் மேசைக்கு அழைப்பு வருவது பெரிய கௌரவம். பயணத்தின் முதல் இரவும் கடைசி இரவும் மட்டும் விருந்து உடையிலிருந்து விலக்கு உண்டு. பெட்டியைப் பிரித்திருக்க மாட்டார்கள் அல்லது கட்டி முடித்திருப்பார்கள் என்பதால்.

பயணிகள் அதிகமாகவும் கூடம் சிறியதாகவும் இருந்தால் இரண்டு தவணையாகச் சாப்பாடு நடக்கும். நம் ஊர்க் கணக்கில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி. பெயர்தான் வேறு.

இந்தக் கூடத்துக்கு முன் தயங்கி நின்ற இந்தியர்களில் புகழ்பெற்றவர் காந்தி. 1888 செப்டம்பரில் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட அவருக்குக் கத்தியும் முள்கரண்டியும் பிடிக்கத் தெரியவில்லை. எது மாமிசம் இல்லாதது என்று பணியாளிடம் கேட்கவும் கூச்சம். கூடத்துக்குப் போகாமல் தன் அறையிலேயே, கொண்டுவந்த இனிப்பையும் பழத்தையும் பெரும்பாலும் தின்று காலம் தள்ளியதாகத் தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். கடல் கடந்து போவதற்காகவே அவரைச் சாதியினர் விலக்கி வைத்திருந்தார்கள்.

கும்பகோணத்திலிருந்து ஒருவர்

காந்திக்கு இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1914 மார்ச் 17 அன்று சென்னைத் துறைமுகத்தில் 'நெவாசா' என்ற கப்பலில் ஏறினார் கணித மேதை சீனிவாச ராமானுஜன். ஈரோட்டில் பிறந்தாலும் அவர் வளர்ந்தது கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில். தன் வீட்டுப் பந்திக்கு வெளியே அதிகம் சாப்பிட்டறியாத ஆசாரமான வைணவக் குடும்பம். கடல் கடக்கத் தாயாரின் சம்மதம் கிடைப்பதே பெரும்பாடாக இருந்தது. நாமகிரித் தாயாரின் அருளால் அது கிடைத்ததாகக் குடும்ப மரபில் சொல்லப்படுகிறது.

புறப்படும் முன் குடுமி போனது. கோட்டும் காலணியும் வந்தன. கத்தி, முள்கரண்டி பிடிக்கவும் பழகிக்கொள்ள வேண்டியிருந்தது. கப்பலில் சைவ உணவுக்கு ஏற்பாடு செய்யச் சென்னை நண்பர்களும் அதிகாரிகளும் முன்னதாகவே முயற்சி எடுத்தார்கள். காந்தி பயணம் செய்த காலத்தோடு ஒப்பிட்டால் இது சிறிய மாற்றம் அல்ல. பயணி கூடத்தின் விதிக்கு வளைந்தது போலவே, கூடமும் பயணிக்காகச் சற்று வளையத் தொடங்கியிருந்தது.

ஏப்ரல் 14 அன்று கப்பல் லண்டன் சேர்ந்தது. கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரியின் பொதுக்கூடத்தில் சாப்பிடாமல் தன் அறையிலேயே சமைத்துக்கொண்டார். புளி முதலான சாமான்கள் ஊரிலிருந்து வந்தன. போர்க்காலத்தில் அதுவும் சிரமமாயிற்று. ஒருமுறை அவர் சமைத்து நண்பர்களுக்குப் பரிமாறியபோது, ரசம் மூன்றாம் முறை வேண்டாம் என்று விருந்தினர் மறுத்ததும் யாரிடமும் சொல்லாமல் வெளியேறிவிட்டார் என்று ஒரு சம்பவத்தை வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். கும்பகோணத்துப் பந்தியை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. "இன்னும் கொஞ்சம்" என்பதை மறுப்பதற்குக்கூட அங்கே ஒரு முறை உண்டு. அந்த முறை விருந்தினர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கலாம்.

1919இல் நோயோடு திரும்பியவர் 1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் காலமானார். கடல் கடந்ததற்கு ராமேசுவரத்தில் செய்ய நினைத்திருந்த பிராயச்சித்தம் உடல்நிலை காரணமாக நடக்கவே இல்லை. அதனால் ஆசாரமான உறவினர் பலர் ஈமச்சடங்குக்கு வரவில்லை என்று பதிவாகியிருக்கிறது. பரதேசத்திலும் பந்தி விதியை மீறாமல் வாழ முயன்ற மனிதருக்கு நேர்ந்தது இது.

அதற்கு ஐந்தாண்டுகளுக்குள் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமண மாணவர்களுக்குத் தனியே உணவு பரிமாறப்பட்ட விவகாரம் தமிழக அரசியலையே கலக்கியது. 'சமபந்தி' என்ற சொல்லுக்கு அரசியல் எடை கூடிய காலம் அது.

நாகப்பட்டினத்துத் தளப் பயணிகள்

முதல் வகுப்புச் சலூனைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். காவிரிப் படுகையிலிருந்து கப்பலேறியவர்களில் பெரும்பாலோர் அதன் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் மலாயாத் தோட்டங்களுக்குக் கங்காணிகளோடு போன கூலித் தொழிலாளர்கள்; நாகூர், நாகப்பட்டினத்து வணிகர்கள்; பின்னாளில் உறவினரைப் பார்க்கப் போய்வந்த குடும்பங்கள். 1860களின் தொடக்கத்திலேயே தஞ்சாவூரோடு ரயிலால் இணைக்கப்பட்டுவிட்ட நாகப்பட்டினம், பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வாசலாக இருந்தது. கப்பல் கரையோரம் வராது. ஆழமான நீரில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் போய் ஏற வேண்டும்.

இந்தத் தடத்தில் மக்கள் நினைவில் அழியாமல் நிற்கும் பெயர் 'ரஜூலா'. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்காகக் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு 1926இல் ஓடத் தொடங்கிய இந்தக் கப்பல், தொடக்கத்தில் 5,000க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்ற அனுமதி பெற்றிருந்தது. படுக்கை அறை இல்லாமல், தளத்திலேயே இடம்பிடித்துக்கொள்பவரே தளப் பயணி. அங்கே மேசையும் இல்லை, பெயர் எழுதிய இருக்கையும் இல்லை. பாய் விரித்த இடமே படுக்கை. அதுவே சாப்பிடும் இடம். இந்தியப் பயணிகளை ஏற்றிய இந்நிறுவனக் கப்பல்களில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனிச் சமையல் நடந்தது. மத வேறுபாட்டை நிர்வாகம் ஒப்புக்கொண்டது. அதற்கு மேல் ஒவ்வொரு சாதிக்கும் ஓர் அடுப்பு மூட்டக் கப்பலில் இடமில்லை.

விளைவு கவனிக்கத்தக்கது. ஊரில் பந்தியைப் பிரித்தது பிறப்பு. கப்பலில் பிரித்தது பயணச்சீட்டு. ஊரில் ஒருவர் நிழல் ஒருவர் மேல் படாமல் ஒதுங்கி நடந்தவர்கள், தளத்தில் ஒரே கூடாரத் துணிக்கடியில் ஒரே அண்டாச் சோற்றைச் சாப்பிட வேண்டியிருந்தது. இதை உடனே சமத்துவம் என்று கொண்டாடிவிட முடியாது. நெருக்கடியில் பிறந்த சேர்ந்துண்ணல் இது. கரையேறியதும் தோட்டக் குடியிருப்புகளில் பழைய கோடுகள் பல திரும்பவும் வரையப்பட்டன. ஆனாலும் கோட்டை அழித்தால் வானம் இடிந்து விழாது என்பதை நேரில் கண்டவர்கள் அவர்கள். சலூனில் விருந்து உடை அணிந்து அமர்ந்த எவருக்கும் இந்த அனுபவம் வாய்க்கவில்லை.

திறன்சாராத் தொழிலாளர்கள் மலாயா செல்வதை 1938இல் இந்திய அரசு தடை செய்தது. போருக்குப் பிறகும் ரஜூலா பல ஆண்டுகள் ஓடி, 1973இல் ஓய்வுபெற்றது. அதன் இடத்துக்கு வந்தது இந்தியக் கப்பல் கழகத்தின் 'சிதம்பரம்'. பிரெஞ்சுப் பயணிகள் கப்பலாக இருந்து விலைக்கு வாங்கப்பட்டது அது. 1985 பிப்ரவரியில் அதில் பற்றிய தீ பல உயிர்களைக் கொண்டுபோனது. அத்துடன் இந்தத் தடத்தில் பயணிகள் கப்பல் போக்குவரத்தும் முடிந்தது. விமானம் ஏற்கனவே வென்றிருந்தது.

தளர்ந்த விதிகள்

உலகெங்கும் விமானம் வந்தபின் கப்பல் போக்குவரத்துச் சாதனமாக இல்லாமல் விடுமுறை விடுதியாக மாறியது. விடுமுறைக்கு வந்தவரிடம் கழுத்துப்பட்டை கட்டச் சொன்னால் எத்தனை நாள் கேட்பார்? 2000இல் நார்வீஜியன் நிறுவனம் குறித்த மேசை, குறித்த நேரம், விருந்து உடை ஆகிய மூன்றையும் கைவிட்டு, விரும்பிய நேரத்தில் விரும்பிய உணவகத்தில் சாப்பிடும் முறையைக் கொண்டுவந்தது. மற்றவர்களும் ஏதோ ஒரு வடிவில் பின்பற்றினார்கள். குனார்டு போன்ற சில நிறுவனங்கள் மட்டும் சில இரவுகளுக்கு விருந்து உடையை இன்னும் வலியுறுத்துகின்றன; அதை விரும்பியே போகிறவர்களும் உண்டு.

ஆனால் தளர்ந்தது உடை விதிதான், பிரிவினை அல்ல. அதே குனார்டின் 'குயின் மேரி 2' கப்பலில், எந்த அறைக்குப் பணம் கட்டினோமோ அதைப் பொறுத்தே எந்த உணவகம் என்பது முடிவாகிறது. புதிய பெருங்கப்பல்கள் பலவற்றில் விலை உயர்ந்த அறைக்காரர்களுக்குத் தனி உணவகம் உண்டு. கேப்டன் மேசை கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருக்கிறது, அவ்வளவே.

2022 ஜூனில் சென்னையிலிருந்து 'கார்டிலியா' நிறுவனத்தின் 'எம்பிரஸ்' புறப்பட்டது. 1990இல் மேலைநாட்டுப் பயணிகளுக்காகக் கட்டப்பட்ட கப்பல் அது. இன்று அதில் சைவ உணவும் ஜைன உணவும் வழக்கமான ஏற்பாடுகள். ராமானுஜனுக்காகச் சிபாரிசு பிடித்துச் செய்ய வேண்டியிருந்ததை இப்போது விளம்பரமாகவே போடுகிறார்கள்.

கரையிலும் மாற்றம் அதே திசையில்தான். தஞ்சை, கும்பகோணம், மன்னார்குடி மண்டபங்களில் தரைப் பந்தி போய் மேசைப் பந்தி வந்தது. மேசைமேல் காகிதச் சுருள் ஓடுகிறது. மாலை வரவேற்பில் பஃபே, மறுநாள் முகூர்த்தத்துக்கு இலை என்ற சமரசம் பரவலாகிவிட்டது. பந்தி முடியும்வரை எழக்கூடாது என்ற பழைய மரியாதை போய், சாப்பிடுபவரின் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த ஆள் நிற்கும் காட்சி வந்திருக்கிறது. சமபந்தியோ சுதந்திர தினக் கோயில் விருந்தாக அரசு நிகழ்ச்சி ஆகிவிட்டது.

பஃபேயிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஒரே கரண்டியைப் பலர் தொடுவதால் நோரோவைரஸ் பரவுகிறது என்பது கப்பல் நிறுவனங்களின் நெடுநாள் தலைவலி. கூடத்தின் வாசலிலேயே கை கழுவ வைக்கிறார்கள். 2020 பெருந்தொற்றுக்குப் பிறகு பல கப்பல்களில் பணியாளர்களே கரண்டியைப் பிடித்துப் பரிமாறத் தொடங்கினார்கள். எச்சிலும் பத்தும் பார்த்த பாட்டிகள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று ஊகிக்கலாம். ஆனால் பாட்டியின் விதி ஆளைப் பார்த்தது, இந்த விதி கிருமியைப் பார்க்கிறது.

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து மீண்டும் ஒரு பயணிகள் கப்பல் புறப்பட்டது, இம்முறை இலங்கையின் காங்கேசன்துறைக்கு. சில மணி நேரப் பயணம் என்பதால் ரஜூலாவில் போலப் பாய் விரித்து இடம்பிடிக்க வேண்டிய தேவை அதில் இல்லை.