ஊசி போட்ட தோளுக்கு நியாயம் கேட்கலாம்

ஃப்ளூ தடுப்பூசி போட்ட கை ஓரிரு நாள் வலிப்பது வழக்கம்தான். ஆனால் அபூர்வமாகச் சிலருக்கு அந்த வலி மாதக்கணக்கில் நீடிக்கிறது. தலைவாரக் கை உயராது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவும் முடியாது. மேற்கைத் தசையில் இறங்க வேண்டிய ஊசி, தோள்மூட்டை ஒட்டி உயரத்தில் இறங்கிவிடுவதால் மூட்டுப் பகுதியில் அழற்சி ஏற்படுகிறது. மருத்துவர்கள் இதை 'சிர்வா' என்கிறார்கள்.

அமெரிக்காவில் இதற்கு இழப்பீடு கேட்க வழி உண்டு. 1980-களில் வழக்குகளுக்கு அஞ்சித் தடுப்பூசி நிறுவனங்கள் உற்பத்தியைக் கைவிடத் தொடங்கின. அதனால் 1986-ல் தனிச்சட்டம் வந்தது. 1988 முதல் இழப்பீட்டுத் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. தடுக்கப்படும் நோய் ஒன்றுக்கு, டோஸுக்கு 75 சென்ட் வீதம் வசூலிக்கும் வரிதான் இதற்கான நிதி.

மனுவை வாஷிங்டனில் உள்ள கூட்டாட்சி உரிமைக்கோரல் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். எதிர்மனுதாரர் சுகாதாரத்துறைச் செயலாளர். ஊசி போட்டவர் தவறு செய்தார் என்று நிரூபிக்கத் தேவையில்லை. 2017-ல் சிர்வா அரசின் பாதிப்புப் பட்டியலில் சேர்ந்தது. ஊசி போட்ட 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கி, அந்தத் தோளோடு நின்று, அசைவையும் குறைத்திருக்க வேண்டும். முன்பே அங்கே கோளாறு இருந்திருக்கக் கூடாது. வலிக்கு வேறு காரணமும் இருக்கக் கூடாது. இவை பொருந்தினால் ஊசியே காரணம் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். பாதிப்பு பொதுவாக ஆறு மாதங்களுக்கு மேல் நீடித்திருக்க வேண்டும்.

மருத்துவச் செலவும் இழந்த சம்பளமும் கிடைக்கும். வலிக்கும் வேதனைக்கும் உச்சவரம்பு 2,50,000 டாலர். நியாயமான அடிப்படையோடு தொடுத்த வழக்கு தோற்றாலும் வக்கீல் கட்டணத்தைத் திட்டமே தரலாம். முதல் அறிகுறி தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே அவகாசம். கொரோனா தடுப்பூசிகளோ வேறு திட்டத்தின்கீழ் வந்தன. அதில் அவகாசம் ஓராண்டுதான். வக்கீல் கட்டணமும் வேதனைக்கான தொகையும் கிடையாது.

'தானாகச் சரியாகிவிடும்' என்று பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருப்பவர்களுக்கே சிக்கல் அதிகம். பல மாதம் கழித்து மருத்துவரிடம் போய், "கொஞ்ச நாளா வலி" என்று சொன்னால், அந்த ஒரு வரியே வழக்கைப் பலவீனமாக்கிவிடும். எந்தக் கையில், எந்தத் தேதியில் ஊசி போட்டார்கள், வலி எப்போது தொடங்கியது என்பதை முதல் சந்திப்பிலேயே சொல்லிப் பதியவைக்க வேண்டும்.

தடுப்பூசி கோடிக்கணக்கானோரைக் காக்கிறது. ஊர் நலனுக்காகக் கை நீட்டச் சொல்லும் அரசு, அதனால் அடிபட்ட ஒரு சிலரைக் கைவிடக் கூடாது. அவர்கள் இழப்பீடு கேட்பதைத் தடுப்பூசிக்கு எதிரான குரலாகப் பார்ப்பது பெரும் அநியாயம்.