நூலடுக்கில் நம் நூல்கள் எங்கே?

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மாணவர்க்கு உரிய பல்கலைக்கழகம், 1982இல் திருச்சிராப்பள்ளியில் தோன்றிய பாரதிதாசன் பல்கலைக்கழகம். பெரம்பலூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 60 கிலோமீட்டர். பல்கலைப்பேரூர் அதற்கும் அப்பால். லப்பைக்குடிக்காட்டிலிருந்து காலையில் புறப்படும் ஆய்வு மாணவர்க்கு நூலடுக்குகளின் நடுவே கிடைப்பவை சில மணி நேரங்களே. பல்கலைக்கழக நூலகம் எதுவாயினும், இஸ்லாம் என்று எழுதப்பட்ட அடுக்கில் சீறாப்புராணத்தைத் தேடி, காணாது, ‘நம் நூல்கள் இங்கில்லை’ என்று அவர் திரும்பிவிட்டால், அப்பயணமும் வீண், ஆய்வும் குறைபடும். நூலோ வேறோர் அடுக்கில் காத்திருக்கும்.

இதன் காரணம் எளியது. ஒரு நூலுக்குப் பொருள் பல இருக்கலாம், உடல் ஒன்றே. ஆகவே அதற்கு இடமும் ஒன்றே. பல நூலகங்கள் பின்பற்றுவது மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட தசமப் பகுப்புமுறை. அதில் இஸ்லாத்தின் எண் 297. திருக்குர்ஆன் 297.122, ஹதீஸ் 297.124, தஸவ்வுஃப் 297.4; பெருமானார் (ஸல்) அவர்களின் வரலாறு 297.63. ஆனால் உமறுப் புலவரின் சீறாப்புராணம் நபிகளாரின் வரலாற்றைப் பாடினும் தமிழ்க் காவியமாதலால், தமிழிலக்கியத்திற்குரிய 894.811இல் அமரும். அரபு இலக்கணம் 492.75, அரபு இலக்கியம் 892.7, இஸ்லாமியச் சட்டம் 340.59, தமிழக வரலாறு 954.82.

இவ்வெண்களைப் படிப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. புள்ளிக்குப் பின்வருவது தசமம். 122 என்பது 4ஐவிடப் பெரிதெனக் கருதி 297.4க்குப் பின்னால் 297.122ஐத் தேடுவோர் பலர். அது முன்னரே வந்துவிடும். எண் ஒன்றாயின், அதன்கீழ் உள்ள ஆசிரியர் குறியீட்டைக் கொண்டு வரிசை அமையும்.

இம்முறை நம்மவரைப் புறக்கணிப்பது என்று எண்ண வேண்டா. பக்தாதின் நூல் வணிகர் இப்னுந் நதீம் ஹிஜ்ரி 377இல் தொகுத்த ‘அல்ஃபிஹ்ரிஸ்த்’ பத்து மகாலாக்களைக் கொண்டது. அதில் குர்ஆன் முதல் மகாலாவிலும், கவிதை நான்காவதிலும், கலாம் ஐந்தாவதிலும், ஃபிக்ஹும் ஹதீஸும் ஆறாவதிலும் இடம்பெறுகின்றன. முஸ்லிம்களின் நூல்கள் அனைத்தும் ஓரிடத்தில் குவிய வேண்டும் என்று அவ்வறிஞரும் கருதவில்லை. புகாரா அரசர் நூஹ் இப்னு மன்சூரின் நூலகத்தில் துறைக்கோர் அறை இருந்ததை இப்னு சீனா தம் வரலாற்றில் குறிக்கிறார். அங்கே அவர் முதலில் படித்தது நூற்பட்டியல். அதன்பின்னரே வேண்டிய நூல்களைக் கேட்டுப் பெற்றார்.

சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிய எஸ்.ஆர். அரங்கநாதன், 1931இல் வெளியிட்ட நூலக விதிகள் ஐந்தனுள் வாசகரின் நேரத்தைக் காப்பதையும் ஒரு விதியாக்கினார். தொலைவிலிருந்து வரும் நம் மாணவர்க்கு அவ்விதியின் அருமை நன்கு விளங்கும்.

எனவே அடுக்கிற்குச் செல்லுமுன் பட்டியலை அணுகுக. ஆசிரியர், தலைப்பு, பொருள் என மூன்று வழியாலும் தேடுக. அரபுப் பெயர்களில் ‘அல்’ என்பதை நீக்கியும் பார்க்க வேண்டும். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயர் ஆங்கில எழுத்தில் பலவாறு எழுதப்படுகிறது. ஒரு வடிவில் கிடைக்காவிடின் மற்றொன்றை முயல்க. ஒரு நூல் கிடைத்ததும் அதன் இருபுறமும் உள்ளவற்றைக் காண்க. பட்டியலில் நாம் தேட அறியாத நூல் அங்கே கிடைக்கும்.

இறுதியாக, நம் மதரஸாக்களின் கடமை ஒன்றுண்டு. அலமாரிகளில் உறங்கும் கிதாபுகளுக்கும் அரபுத்தமிழ் ஏடுகளுக்கும் தலைப்பு, ஆசிரியர், துறை, இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறித்த ஒரு பதிவேடேனும் வேண்டும். அரபு எழுத்தறியாத நூலகர் அவற்றைப் பட்டியலிட இயலாது. அறிந்த நாமே செய்தாக வேண்டும். பட்டியலில் ஏறாத நூல் இருந்தும் இல்லாததே.