தீபாவளிக்கு எந்தத் துணி எடுப்பது?
தறிகளுக்கு நடுவே வாழும் தமிழர்களுக்கு ஒரு கணக்கு

சென்னையிலிருந்து அரக்கோணம் வழியாகத் திருப்பதிக்கு வரும் ரயில் ஏகாம்பரகுப்பம், புத்தூர் நிலையங்களைக் கடந்துதான் வரவேண்டும். தடத்தின் இருமருங்கிலும் நெசவாளர் ஊர்கள். இந்தப் பக்கம் நகரி, புத்தூர், நாராயணவனம். அந்தப் பக்கம் பள்ளிப்பட்டு, பொதட்டூர்ப்பேட்டை. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழர் பக்கம் போயிற்று. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்தில் நின்றன. ஆனால் தறி ஓசை எல்லைக் கல்லைப் பார்த்து நிற்பதில்லை. இன்று அதில் விசைத்தறியின் ஓசையே மிகுதி.

இத்தனை தறிகளுக்கு நடுவே குடியிருந்தும், போனஸ் கைக்கு வந்ததும் நம்மவர் பலர் எடுப்பது பாலியெஸ்டர்தான். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. விலை மலிவு, துவைத்தால் சீக்கிரம் உலரும், இஸ்திரி வேண்டாம், எளிதில் கிழியாது. நான்கு உருப்படி எடுக்கவேண்டிய குடும்பத்துக்கு இது சிறிய விஷயமல்ல.

வெயிலும் வியர்வையும்

ஆனால் பாலியெஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து பிறப்பது. பருத்தி தன் எடையில் நூற்றுக்கு எட்டுப் பங்குக்கு மேல் ஈரத்தை வாங்கி வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரைப் பங்குகூட வாங்காது. ரேணிகுண்டா வெயிலில் வேலை செய்கிறவர் முதுகில் சட்டை ஏன் ஒட்டுகிறது என்பதற்கு இதுவே காரணம். ஒவ்வொரு துவைப்பிலும் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் இழைகள் உதிர்ந்து சாக்கடைக்கும் ஆற்றுக்கும் போகின்றன. பருத்தி இழை மண்ணில் மக்கும். இது எளிதில் மக்காது.

பருத்தி என்றதும் பாவமே இல்லை என்று நினைத்துவிடக்கூடாது. பருத்திச் செடி நீரும் பூச்சிமருந்தும் கேட்கிறது. சாயமோ ஆற்றையே கெடுக்கவல்லது. நொய்யல் ஆற்றைக் கெடுத்த திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

கடுக்காயும் அவுரியும்

இதற்கு மாறான ஒரு வழி, திருப்பதிக்குப் பக்கத்திலேயே காளஹஸ்தியில் இருக்கிறது. கலம்காரிக் கலைஞர்கள் பருத்தித் துணியைக் கடுக்காயிலும் பாலிலும் ஊறவைத்து, மூங்கில் எழுதுகோலால் படம் வரைகிறார்கள். இரும்புத் துண்டும் வெல்லமும் புளித்த நீர் கறுப்பு தரும். படிகாரமும் மஞ்சிட்டி முதலிய வேர்களும் சிவப்பு தரும். அவுரி நீலம் தரும். அழியும் நிலையிலிருந்த இக்கலைக்கு 1950-களில் கமலாதேவி சட்டோபாத்யாயா முயற்சியால் மறுவாழ்வு கிடைத்தது. இக்கலைஞர்களில் ஒருவரான குருப்பச் செட்டிக்கு 2008-ல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. கடைத்தெருவில் அதே பெயரில் அச்சடித்த துணிகளும் தொங்குகின்றன. கேட்டு வாங்கவேண்டும்.

குறையும் கைகள்

நாடு முழுவதும் கைத்தறித் தொழிலில் இருந்தவர்கள் 1995-96 கணக்கெடுப்பில் 65 லட்சத்துக்கு மேல். 2009-10-ல் அது 43 லட்சமாயிற்று; 2019-20-ல் 35 லட்சம். இவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சேலை, வேட்டி, துண்டு, லுங்கி முதலியவற்றில் சில ரகங்களைக் கைத்தறிக்கென்றே 1985-ம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. ஆயினும் வாங்குகிறவர் கேட்காவிட்டால் சட்டம் மட்டும் தறியை ஓட்டாது.

பார்த்து வாங்க

கைத்தறி என்று சொல்லி விற்றால், 2006 முதல் வழங்கப்படும் 'கைத்தறி முத்திரை' இருக்கிறதா என்று பார்க்கலாம். பருத்திதானா என்று ஐயம் வந்தால், வாங்கிய துணியின் உள்தையலில் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினால் போதும். பருத்தி காகிதம்போல் எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகத் திரளும். இரண்டும் கலந்த துணியில் இரண்டு குணமும் தெரியும்.

இருக்கும் பாலியெஸ்டர் சட்டையைத் தூக்கி எறிவது மிச்சமல்ல, வீண்; கிழியும்வரை உடுத்துவதே நியாயம். புதிதாக எடுக்கும்போது மூன்று மலிவுச் சட்டைக்குப் பதில் இரண்டு நல்ல பருத்திச் சட்டை, அதில் ஒன்று கைத்தறி என்று வைத்துக்கொண்டால் சம்பளக்காரர் பட்ஜெட் இடியாது. கோ-ஆப்டெக்ஸ், ஆப்கோ கடைகளின் பண்டிகைத் தள்ளுபடிக்குக் காத்திருந்தால் இன்னும் இலேசாகும். கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு, நாம் ரயிலில் கடந்து வரும் ஊர்களைப் போன்ற ஏதோ ஒரு நெசவாளர் தெருவில் அடுப்பெரிக்கும்.