காந்தம் கூப்பிட்டால் ஓடி வரும் திரவம்!

குழந்தைகளே, ஒரு காந்தத்தை பிளாஸ்டிக் பையில் போட்டு, மணலில் நாலைந்து முறை புரட்டிப் பாருங்கள். பையின் வெளிப்பக்கம் கறுப்பாகப் பொடி ஒட்டியிருக்கும். அதில் பெரும்பகுதி, 'மேக்னடைட்' என்ற இரும்புத் தாது. பையிலிருந்து காந்தத்தை எடுத்ததும் பொடி உதிர்ந்துவிடும். அதை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடியில் படிந்துவிடும்.

இந்தப் பொடி படியாமலே இருந்தால் எப்படி இருக்கும்? அப்படி ஒன்று, ராக்கெட்டுக்காகத் தேவைப்பட்டது.

விண்வெளியில் எடையில்லாத நிலையில் எல்லாம் மிதக்கும் அல்லவா? டாங்கில் இருக்கும் திரவ எரிபொருளும் அப்படித்தான் அலையும். குழாய் வாய்க்கு அது வராவிட்டால் என்ஜின் எப்படி இயங்கும்? எரிபொருளையே காந்தம் இழுக்கும்படி செய்துவிடலாம் என்று யோசித்தார், அமெரிக்காவின் நாசாவில் பணியாற்றிய ஸ்டீவ் பேப்பல்.

1963ல், மேக்னடைட் பொடியைத் திரவத்தோடும் ஓலிக் அமிலத்தோடும் சேர்த்து நாள் கணக்கில் அரைத்தார். ஓலிக் அமிலம் நம் வீட்டுக் கடலை எண்ணெயிலும் உண்டு. அரைத்து முடித்தபோது ஒவ்வொரு துகளும் சுமார் 10 நானோமீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. ஒரு மீட்டரை 100 கோடி பங்காகப் பிரித்தால், அதில் ஒரு பங்குதான் நானோமீட்டர். உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமனை நிரப்ப, இப்படிப்பட்ட துகள்களை 8,000 வரை வரிசையாக அடுக்க வேண்டும்!

துகள் இவ்வளவு சிறிதானதும், திரவத்தின் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் இடித்துத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் அடியில் படியாது. ஓலிக் அமிலம் மேலே உறை போல் மூடியிருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டவும் செய்யாது. பிறந்தது, காந்தத் திரவம்! காந்தத்தைக் கிட்டே கொண்டு போனால் முள்ளம்பன்றி போலச் சிலிர்த்து எழும்.

ராக்கெட்டில் இது பயன்படவில்லை. ஆனால் ஒலிபெருக்கிக்குள் கம்பிச்சுருளின் சூட்டைத் தணிக்கும் வேலைக்கு வந்தது.

பிறகு மருத்துவத்துக்கும் வந்தது. மூளைக் கட்டிக்குள் நானோ இரும்புத் துகள்களைச் செலுத்தி, வெளியிலிருந்து நொடிக்கு ஒரு லட்சம் முறை திசை மாறும் காந்தப்புலத்தைக் காட்டினால், துகள்கள் சூடாகிக் கட்டியைத் தாக்கும். ஜெர்மனியில் உருவான இந்த முறைக்கு ஐரோப்பாவில் 2010ல் அனுமதி கிடைத்தது. நோயை அடியோடு போக்கும் வழி அல்ல இது. கதிர்வீச்சு சிகிச்சையும் கூடவே தேவை. துகள்கள் உள்ளேயே தங்குவதால், பிறகு அந்த இடத்தை எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் சரியாகப் பார்க்க முடியாது. நன்மை இருக்கும் இடத்தில் சிரமமும் இருக்கும். இரண்டையும் எடைபோட்டுத்தான் டாக்டர்கள் முடிவெடுப்பார்கள்.

காந்தத்துக்கு மட்டுமா, ஒளிக்கும் கட்டுப்படும் பொருள் உண்டு. சொத்தைப் பல்லுக்கு டாக்டர் வெள்ளைப் பசையை அடைத்து, நீல விளக்கைக் காட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களா? பசையில் சின்னச் சின்ன மூலக்கூறுகளும், மிக நுண்ணிய சிலிக்கா துகள்களும் இருக்கின்றன. நீல ஒளி பட்டதும் மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியாகிவிடும். இதுதான் பாலிமர். அரை நிமிடத்துக்குள் பசை, கல் மாதிரி இறுகிவிடும். சாதாரண வெளிச்சத்திலும் மெல்ல இறுகத் தொடங்கும் என்பதால், அதை மூடிய குழாயில் வைத்திருப்பார்கள்.

அடுத்த முறை பல் டாக்டரிடம் போனால் பயப்படாதீர்கள். அந்த நீல விளக்கைப் பற்றி அவரிடமே கேளுங்கள்!