வயலில் மண் நின்றது, ஆற்றில் வண்டல் குறையவில்லை

சரிவு நிலத்தில் மண் அரிப்பைத் தடுத்துவிட்டால் ஆற்றில் வரும் வண்டலும் குறையும் என்றுதான் எவருக்கும் தோன்றும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஓடும் கூன் கிரீக் ஓடையில் நடந்தது வேறு.

சுமார் 360 சதுர கிலோமீட்டர் பரப்பின் மழைநீரை மிசிசிப்பியில் சேர்க்கும் ஓடை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் அங்கே குடியேறிய விவசாயிகள் செங்குத்தான சரிவுகளையும் உழுதார்கள். மேட்டுக் காடுகளில் மாடுகளை மேயவிட்டார்கள். மண்ணுக்குள் இறங்க வழியில்லாத மழைநீர் சரிவை வெட்டிப் பள்ளமாக்கிக்கொண்டு இறங்கியது. 1930-களில் கீழ்ப் பள்ளத்தாக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் மேடிட்டது. வேலிகள் புதைந்தன, பாலங்களுக்கு அடியில் வண்டல் ஏறியது.

1933-ல், ஹியூ ஹாமண்ட் பென்னெட் தலைமையிலான மண் அரிப்புத் தடுப்புத் துறை, நாட்டின் முதல் நீர்ப்பிடிப்பு மண்காப்புத் திட்டத்தை இங்கேதான் தொடங்கியது. சரிவுக்குக் குறுக்கே உழவு. ஒரு பட்டையில் மக்காச்சோளம், அடுத்த பட்டையில் குதிரைமசால். மக்காச்சோள வரிசைகளுக்கு இடையே கரைந்து வரும் மண்ணைத் தீவனப் பயிரின் அடர்ந்த தூர்கள் பிடித்துக்கொள்ளும். தண்ணீரும் வேகம் குறைந்து நிலத்துக்குள் இறங்கும்.

பலன் கண்கூடாகத் தெரிந்தது. புவியியலாளர் ஸ்டான்லி டிரிம்பிள் இந்தப் பள்ளத்தாக்கைப் பல ஆண்டுகள் அளந்து 1999-ல் ஆய்வு முடிவை வெளியிட்டார். 1975 முதல் 1993 வரை பள்ளத்தாக்கில் வண்டல் படிந்த வேகம் 1930-களில் இருந்ததில் சுமார் 6 சதவீதம்தான். ஆனால் ஓடை மிசிசிப்பிக்குக் கொண்டுபோன வண்டலின் அளவு 1930-களிலிருந்து 1993 வரை பெரிதாக மாறவில்லை!

காரணம் பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. வயலிலிருந்து போன மண்ணில் பெரும்பகுதி ஆற்றை எட்டவே இல்லை. வழியில், ஓடையின் இருபுறமும் தங்கிவிட்டது. மண் அரிப்பு உச்சத்தில் இருந்தபோது பள்ளத்தாக்கு அதை விழுங்கிக்கொண்டது. வயல்கள் திருந்திய பிறகு, தெளிந்து வந்த தண்ணீர் மேற்பகுதிக் கிளை ஓடைகளின் கரைகளைக் கரைத்து, பழைய வண்டலை அள்ளிக்கொண்டு போனது. அறுபட்ட கரையில் இதைப் பார்க்கலாம்: அடியில் குடியேற்றத்துக்கு முந்தைய கருமண், அதன்மேல் அடுக்கடுக்காகப் பழுப்பு வண்டல்.

மண்காப்புப் பணியை முகத்துவாரத்தில் மட்டும் அளந்து தீர்ப்புச் சொல்வது அதனால்தான் பெரும் அநியாயம். அந்த ஒரு கணக்கை வைத்துப் பார்த்திருந்தால் கூன் கிரீக் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள். வயல், கிளை ஓடை, பள்ளத்தாக்கு, முகத்துவாரம் என நான்கு இடங்களிலும் பல்லாண்டுகள் அளக்க வேண்டும். வரப்புக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கு ஓடைக் கரைகளுக்கும் போக வேண்டும்.