காலி இடமே காவல்!

1978-ம் ஆண்டு ஜூலை 11-ந் தேதி. ஸ்பெயின் நாட்டுக் கடற்கரை. மக்கள் குடும்பம் குடும்பமாகக் கூடாரம் அடித்து விடுமுறையைக் கழித்துக்கொண்டு இருந்தார்கள்.

அந்த வழியாக வந்த டாங்கர் லாரியின் தொட்டி திடீரென்று பிளந்தது! வெளியேறிய வாயு தீப்பிடித்தது. 200-க்கும் அதிகமான பேர் மாண்டனர்.

லாரியில் இருந்தது என்ன? அழுத்தித் திரவமாக்கிய புரோப்பிலீன் வாயு. சுமார் 19 டன் ஏற்றவேண்டிய தொட்டியில் 23 டன் ஏற்றியிருந்தார்கள். அதுவே வினையாயிற்று.

சூடு பட்டால் திரவம் விரியும். விரிய இடம் இல்லாவிட்டால் இரும்பும் பிளந்துவிடும். அதனால்தான் தொட்டியில் கொஞ்சம் காலி இடம் விடுகிறார்கள்.

நம் வீட்டு கியாஸ் சிலிண்டருக்கும் இதே விதிதான். 14.2 கிலோ சிலிண்டரிலும் காலி இடம் உண்டு. அதை எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள். வெயில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.