ஒரு சின்னக் குறி செய்த வேலை

"அம்மா காலையிலேருந்து ரேடியோ பக்கத்துலயே உட்கார்ந்திருந்தாங்க தம்பி. பேரே வரலையே?"

ரெங்கத்திலிருந்து அந்த அக்கா தொலைபேசியில் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பெற்றோரின் ஐம்பதாவது திருமண நாளுக்கு எங்கள் இணையப் பாரத்தில் வாழ்த்து அனுப்பியிருந்தார். அன்று யாருடைய வாழ்த்துமே என் திரைக்கு வரவில்லை. பாட்டுப் போட்டுச் சமாளித்தேன்.

மாலையில்தான் காரணம் தெரிந்தது. அப்பா பெயருக்கும் அம்மா பெயருக்கும் நடுவே அக்கா '&' குறி போட்டிருந்தார்.

நீங்கள் பாரத்தை நிரப்பி அனுப்பியதும் விவரங்கள் சர்வருக்குப் போகின்றன. அங்கே ஒரு நிரல் அவற்றை எக்ஸ்எம்எல் கோப்பாக எழுதுகிறது. சமையலறை டப்பாக்களில் 'சீரகம்', 'சோம்பு' என்று சீட்டு ஒட்டுவோமே, அதே வேலைதான்: இது பெயர், இது ஊர், இது வாழ்த்து. அந்தச் சீட்டுகளைப் பார்த்துத்தான் ஸ்டூடியோ கணினி விவரங்களை எடுத்துக்கொள்ளும்.

1998-இல் வந்த எக்ஸ்எம்எல் விதிகள் கறாரானவை. '<' வந்தால் சீட்டு தொடங்குகிறது என்று பொருள்; '&' வந்தால் சிறப்புக் குறியீடு தொடங்குகிறது என்று பொருள். '&' தனியாக நின்றால் அது பிழை. பிழையைக் கண்ட கணினி, ஊகித்துக்கொண்டு மேலே போகக் கூடாது. ஒரு வாழ்த்தில் இருந்த குறி, அன்றைய மொத்தக் கோப்பையும் முடக்கியது இப்படித்தான்.

அக்கா மேல் தவறே இல்லை. வந்த எழுத்துகளை அப்படியே ஒட்டிக் கோப்பாக்கிய எங்கள் நிரல்மேல்தான் தவறு. எக்ஸ்எம்எல் எழுதுவதற்கென்றே கருவிகள் உண்டு. அவை '&' குறியை ஐந்து எழுத்துக் குறியீடாக மாற்றி எழுதும்; படிக்கும் இடத்தில் அது மீண்டும் '&' ஆகிவிடும். இப்போது அதைத்தான் பயன்படுத்துகிறோம்.

வியாபாரம் செய்பவர்களுக்கும் இதில் பாடம் உண்டு. நம் நாட்டில் 2024 ஆகஸ்டு முதல் கட்டங்கட்டமாக வந்த இ-இன்வாய்ஸ் முறையில், வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸ் ஏற்கும் இரு வடிவங்களில் ஒன்று எக்ஸ்எம்எல், மற்றது ஜேசன். '& சன்ஸ்' என்று பலகை மாட்டிய கடைகள் நம்மிடம் எத்தனை! கணக்கு மென்பொருள் வாங்குமுன், உங்கள் கடைப் பெயரை முழுதாகத் தட்டிச் சோதித்துப் பாருங்கள்.

மறுநாள் முதல் வாழ்த்து ரெங்கத்துக்குத்தான். அந்த '&' குறியை நான் 'உம்' சேர்த்து வாசித்தேன்: அப்பாவும் அம்மாவும். ஒரு நாள் தாமதம்தான். ஆனாலும் அந்த அம்மா ரேடியோ பக்கத்திலேயே இருந்தாராம்.